டாக்கீஸ்காரர் தேடும் அற்புதம்

இன்று காலை காய்ச்சல் விட்ட மகளை மடியில் வைத்துக்கொண்டு, மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்தேன்.

பக்கத்தில் டாக்கீஸ் விளம்பரக்காரர். பிள்ளைக்கு என்னவென்று விசாரித்தார்.

அவர்கள் டாக்கீஸில் ஓடும் படத்தில் புனிதராக நடித்தவர் நேற்று எங்கள் கோயிலுக்கு வந்து, பிள்ளைகளின் தலையைத் தொட்டு ஆசீர்வதித்துப் போனார்.

“அவரு தொட்டதும் காய்ச்சல் போச்சுன்னு சொல்லுங்கம்மா. நோட்டீஸ்ல உங்க பேரைப் போடுதோம்.”

“டாக்டர் மருந்துல போச்சு அண்ணாச்சி. எம்புள்ள நேத்து படுக்கையைவிட்டு எந்திரிக்கவேயில்ல.”

“அதை யாரு கேக்கப் போறா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரைச் சொல்லவில்லை.

இறங்கும்போது அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். “தீராத நோய் தீர்ந்தது! மணப்பாட்டு மாதின் சாட்சி!” என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் யார் பேர் வருகிறதென்று பார்த்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.