அம்பாசிடர் எழுந்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவ எங்கிருந்தோ ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். ரேஷன் கடையிலேயே கண்ணில் படாத பொருள், இவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்ததோ! மூடியைத் திறந்ததும் வாசனை எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். எனக்கோ இட்லி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்தபோது அப்பாவிடம் ஒரு டீசல் அம்பாசிடர் டாக்சி இருந்தது. இருந்தது என்றால் வாசலில் நின்றது, அவ்வளவுதான். எஞ்சின் உயிரை விட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும். பின்சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டு வந்தது. அந்த முட்டை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீட்டுக்கும் ஒரு சண்டை நடந்தது, அது தனிக் கதை.

அப்பா எண்ணூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி ஓட்டினவர் இன்னொருத்தரிடம் தினமும் கை நீட்டிச் சாவி வாங்குவது அவருக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் போய் ஓடாத வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துகொள்வார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அப்பாவின் பழைய தோஸ்து அந்தோணி மாமா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். "நடுக்கடல்ல எஞ்சின் பிரிச்சவன் நானு. இது இன்னா நைனா, தையல் மிசினு" என்று சொல்லி, எஞ்சினை இறக்கி எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பிரித்துப் போட்டார். சிலிண்டரைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கினார்கள். கட்டிலுக்கு அடியில் கிராங்க், சாமிப் படத்துக்குக் கீழே புது பிஸ்டன். மற்ற சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவ ஒரு பாத்திரம் வேண்டும் அல்லவா? அம்மா தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற சமயம் பார்த்து இட்லிக் குண்டானை எடுத்துவிட்டார்கள்.

அம்மா சாம்பல் போட்டாள், புளி போட்டாள். வாசனை போவேனா என்றது. நான் அப்போதுதான் ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் நான் இட்லி டப்பாவைத் திறந்ததும் மேனேஜர் மூக்கை உறிஞ்சி, "யாருப்பா இங்க ஸ்டவ் பத்த வெச்சது?" என்று கேட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினேன்.

அன்று சாயங்காலமே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம இது கெளம்பணும். கெளம்பல, காயலாங்கடைக்குப் போவணும். இது வாசல்ல நிக்கிற வரைக்கும் இந்த மனுசனுக்கு வேற வேலைல மனசு ஒட்டாது." சொன்னதோடு நிற்காமல் பழைய இரும்பு வாங்கும் காயலாங்கடை சேகரிடமும் சொல்லிவைத்தாள். அப்பா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு வந்தது. முந்தின நாளே எஞ்சினை ஏற்றியாகிவிட்டது. அந்தோணி மாமா மாதா கோயிலில் பூசை முடித்து நேரே வந்தார். அப்பா எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மாமா கட்டைவிரலை ஆயிலில் தோய்த்து அதன் பக்கத்திலேயே ஒரு சிலுவை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சேகரும் டெம்போவும் சங்கிலியுமாக வந்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டான்.

புதுசாகச் சேர்த்த எஞ்சின் இறுக்கமாக இருக்கும். செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகி அடங்கியது. "தள்ளுங்கடா!" என்றார் மாமா. தெருவே வந்தது. வலை இழுக்கிற கைகள், ஃபேக்டரிக் கைகள், என் கையும்தான். நான் தள்ளினேன் என்பதைவிட வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்பதே சரி. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் சேகர்! வண்டி கிளம்பினால் அவன் பிழைப்பில்தான் மண், ஆனாலும் பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். "கியர்ல வுடு நைனா!" என்று மாமா கத்தினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, தெருவை மறைக்கப் புகை விட்டது, அப்புறம் தடதடவென்று பிடித்துக்கொண்டது.

அப்பா அழுதார். விசில் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன்.

அப்போதுதான் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நிறுத்துங்க! தண்ணி ஊத்துனீங்களா?"

எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மாவுக்குத் தெரியாமல் டிரம்மிலிருந்து ஒரு சொம்பு நகராது. வண்டி ஓடின காலத்தில் அப்பா தினமும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்பார், அவள் திட்டிக்கொண்டே கொடுப்பாள். "காலைலேர்ந்து ஒருத்தரும் என்கிட்ட தண்ணி கேக்கலியே!" என்றாள்.

அப்பா உடனே எஞ்சினை நிறுத்தினார். மாமா ஊற்றியிருப்பார் என்று அவர் இருந்துவிட்டார். மாமா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போட்டுல எவன் அண்ணி தண்ணி ஊத்துவான்? கடலே உள்ள வந்துகினு கீதே!" படகு எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரே குழாய் வழியாக ஏறிக்கொண்டிருக்குமாம்.

கொதிக்கிற எஞ்சினில் உடனே தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்றார்கள். காத்திருந்தோம். காய்ச்சல் பார்க்கிறமாதிரி அப்பா அடிக்கொருதரம் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே சூட்டில் பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துக்கொண்டு இறுகியிருந்தால் எல்லாம் போச்சு. அம்மா குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

சூடு ஆறியதும் அவளே ஊற்றினாள். அப்பா சாவியைத் திருப்பினார். இந்தமுறை செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது.

"சரிக்கா, நான் கெளம்பறன்" என்று சேகர் சங்கிலியைச் சுருட்டினான். அவனுக்கும் சேர்த்துத்தான் அன்று மதியம் மீன்குழம்பு.

புது எஞ்சினை ஆரம்பத்தில் விரட்டக் கூடாது, நாற்பதுக்குள் ஓட்டிப் பழக்க வேண்டும். சாயங்காலம் அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் கடலோரமாகப் போனார். முன்சீட்டில் அம்மா. டாக்சிக்காரர் பெண்டாட்டி என்று பேர்தான், வண்டி எப்போதும் சவாரிக்கே போனதால் அன்றுதான் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். லாரிகள் ஹாரன் அடித்து முந்தின. சைக்கிளில் போன ஒருத்தன் கையாட்டிவிட்டுப் போனான். கத்திவாக்கம் வரும்போது அம்மா வெளியே பார்த்தபடி, "இன்னாய்யா அவசரம்? இன்னும் கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்" என்றாள். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வண்டி பல வருடம் ஓடிவிட்டுக் கடைசியில் காயலாங்கடைக்குத்தான் போனது. அந்தோணி மாமா போனார், அப்பா போனார், அம்மாவும் போய்விட்டாள். போன மாதம் மகனுடைய காரில் அந்த வழியாகப் போனேன். முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள், கடலே கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி எறும்பாக ஊர்ந்தது, மகன் சலித்துக்கொண்டான். மெதுவாகத்தான் போனோம். ஆனால் அம்மா கேட்டது இதை இல்லை.