ஆயிரம் மீட்டர் சண்டை

தூரத்து இலக்கைச் சுட எந்தத் தோட்டா நல்லது என்ற சண்டையில், நானும் என் மனைவியின் அண்ணனும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர்கள். என் கட்சி சிக்ஸ் பாயின்ட் ஃபைவ் என்ற மெல்லிய தோட்டா; ஆயிரம் மீட்டரிலும் காற்று அதை அதிகம் தள்ளாது. மச்சான் கட்சி த்ரீ ஓ எயிட் என்ற தடித்த தோட்டா. அதைச் சுட்டால் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாது.

"மாப்ளே, காத்து மேல பழி போடாதே லா. உனக்குச் சுடத் தெரியல," என்று நாங்கள் ஞாயிறுதோறும் கூடும் ஆயர் ஈத்தாம் காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

தீபாவளி நெருங்கியது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த மனைவி, "எங்க அண்ணன கூப்பிட மாட்டீங்களா?" என்றாள். நான் காற்றைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கிளப்புல எவ்வளவு தூரம் சுடலாம்?" என்றாள்.

"நூறு மீட்டர்."

"அவ்வளவு கிட்டத்துல ரெண்டும் ஒண்ணுதானே?"

ஏறக்குறைய ஒன்றுதான். வெட்கத்தோடு மச்சானுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் லா," என்றார். "அதச் சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை நாம என்னத்தப் பேசுறது?"

இப்போதும் ஞாயிறுதோறும் சண்டை போடுகிறோம். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் கோபித்துக்கொள்கிறேன்.