தறி ஓடாத நாளில் ஊசி

அகிலாவுக்குக் கல்லூரியில் 'சிபிஐ சிஸ்டர்' என்று பெயர். தலைவலி என்று யார் வந்தாலும், நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று துருவிவிட்டுத்தான் மாத்திரை தருவாள். சென்னையில் ஒரு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, சொந்த ஊரான திருப்புட்குழிக்குப் பக்கம் என்பதால் காஞ்சிபுரத்துக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவள். அந்தத் துருவும் புத்தி கூடவே வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரே வகுப்பில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்து, தேர்வைக் கோட்டை விட்டார்கள். அதனால்தான் இந்த வருஷம் முதல்வரிடம் நச்சரித்து இலவச ஃப்ளூ ஊசி முகாமுக்கு ஏற்பாடு செய்தாள். யாரோ நாலைந்து பேர் வந்தார்கள். மீந்த ஊசிகள் குளிர்ப்பெட்டிக்கே திரும்பின.

"இன்னொரு தடவை பாக்கலாம்மா. அப்பவும் நாற்காலி காலின்னா, இதோட விட்டுடலாம்" என்றார் முதல்வர் திருஞானசம்பந்தம்.

இலவசமாகக் கொடுத்தும் ஏன் வரவில்லை? அன்று முகாம் நடந்த மாடி அறையின் வாசல்வரை வந்து திரும்பிப் போன மாணவி துர்காதேவியை மறுநாள் நடையில் பிடித்தாள்.

"ஊசின்னா பயமாம்மா?"

"பயம்லாம் இல்ல சிஸ்டர். கை வலிக்கும்னு நோட்டீஸ்ல நீங்களே போட்டிருக்கீங்களே."

"லேசா ஒரு நாள் வலிக்கும். எழுதாத கையிலதானே போடறேன்?"

துர்காதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதறதுக்கு யாரு சிஸ்டர் கவலைப்பட்டாங்க? சாயந்திரம் தறியில அப்பா பக்கத்துல உக்காந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்ற நாடாவத் தள்ளணும். கை தளர்ந்துச்சுன்னா கரை ஒழுங்கா வராது. அப்புறம் எங்கப்பாகிட்ட நீங்க வந்து பேசறீங்களா?"

"உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"பிள்ளையார்பாளையத்துலேர்ந்து வர்ற முக்காவாசிப் பேருக்கு வீட்ல தறி இருக்குது சிஸ்டர்."

மாணவர்களுக்கு எழுதும் கைதான் முக்கியம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள் அகிலா. "சரி, உங்க வீட்டுத் தறி என்னைக்கு ஓடாது?"

"அமாவாசைக்குத்தான்."

அமாவாசைக்கு நெசவாளர் வீடுகளில் தறிக்கு ஓய்வு என்பது ஊரறிந்த சங்கதி. அதற்கும் ஊசிக்கும் முடிச்சுப்போட அவளுக்குத்தான் தோன்றவில்லை. அன்று காலையில் போட்டால், மறுநாள் சாயந்திரம் தறியில் உட்காருவதற்குள் வலி பெரும்பாலும் அடங்கிவிடும்.

"அமாவாசையில ஊசியா?" என்று முதல்வர் நெற்றியைச் சுருக்கினார்.

"தறிக்கு லீவு சார். கைக்கும் லீவு."

ஆவணி அமாவாசையன்று காலை, மாடி அறையை விட்டுவிட்டுக் கேட்டுக்கு உள்ளேயே மேசை போட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் அப்படியே வரிசையில் நின்றார்கள். துர்காதேவி கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பயம் இல்லன்னு சொன்னே?"

"சும்மா சொன்னேன் சிஸ்டர், குத்துங்க!"

வரிசை நீளுவதை முதல்வர் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே இறங்கி வந்து, அடுத்த முகாம் எப்போது என்று அவரே கேட்டார்.

அகிலா பதில் சொல்வதற்குள், முசரவாக்கத்து விமல்ராஜ் வரிசைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான். "இவங்களுக்கு இன்னிக்கு லீவு. எனக்கு நாளைக்குக் காலையில நடவு சிஸ்டர். நாத்துக்கட்டு தூக்கணும். நான் எப்ப வர்றது?"

அகிலா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஊர்ல நடவு என்னைக்குப்பா முடியுது?"