ஸ்டாட்டிக் இல்லாத மொழி

மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. அலுவலக ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. குருநகரில் இருக்கும் அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அப்பா கடலுக்குப் போயிட்டாரோ?"

"ஓம், அப்பவே போயிட்டார். ஏன் பிள்ளை?"

"காத்தைப் பற்றி போனுக்கு மெசேஜ் ஒண்டும் வரேல்லையோ?"

"வந்திருந்தா நான் அவரை விட்டிருப்பனோ?"

அந்த மெசேஜை அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் கணினி நிரல்தான். காற்று எல்லை மீறினால் கடற்றொழிலாளரின் தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை போகும். அதை ஜாவா என்ற பழைய நிரல் மொழியிலிருந்து கோட்லின் என்ற புதிய மொழிக்குக் கோப்பு கோப்பாக மாற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் என்பதால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிரல் ஓடியது.

முந்தின நாள் நான் மாற்றிய கோப்பில், எச்சரிக்கை வாசகத்தை ஆக்கும் ஸ்டாட்டிக் மெதட் என்ற வகைச் செயற்கூறு ஒன்று இருந்தது. ஜாவாவில் அது, கிளாஸ் எனப்படும் நிரல் தொகுதிக்கே நேரே சொந்தம். கோட்லினில் ஸ்டாட்டிக் என்ற சொல்லே கிடையாது. கிளாசுக்குள் கம்பானியன் என்றொரு துணைப் பொருளை வைத்து அதற்குள் போட வேண்டும். போட்டேன். அதை அழைத்த ஜாவா வரிகளில், ஓடுமுன் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் பிழை காட்டியது, அவற்றையும் திருத்தினேன். சோதனைகள் எல்லாம் தேறின.

அம்மாவுடன் பேசி வைத்துவிட்டு நிரலின் பதிவுகளைத் திறந்தேன். காற்று எல்லை மீறியது பதிவாகியிருந்தது. எச்சரிக்கை போகவில்லை. பழைய ஜாவாப் பகுதி ஒன்று, ஓடும் நேரத்தில் அந்த மெதட்டைப் பெயரால் தேடியிருக்கிறது. கிளாசில் அது இல்லாததால், பிழை எதுவும் காட்டாமல் எச்சரிக்கையை அனுப்பாமலே விட்டிருக்கிறது. பெயர் வெறும் எழுத்தாக இருந்ததால் கம்பைலருக்கும் தெரியவில்லை.

"அண்ணை, நான் மாத்தினதை எடுத்துப்போட்டுப் பழையதையே போடுவமே?" பக்கத்து மேசையில் இருந்தவரிடம் கேட்டேன்.

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அதோடை திருத்தின எல்லா வரியையும் திருப்போணும், கனக்க நேரம் போகும். மெதட்டுக்கு மேலை ஜேவிஎம்ஸ்டாட்டிக் எண்டு ஒரு குறிப்பு மட்டும் போடும். அப்ப ஜாவாவுக்குப் பழைய இடத்திலையே தெரியும்."

போட்டேன். புதிய நிரல் சேவைக்கு ஏறும்வரை கதவுக்கும் மேசைக்குமாக நடந்தேன். எச்சரிக்கை போனதென்று பதிவு வந்தது. அப்பாவின் தொலைபேசியோ தொடர்பிலேயே இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். அண்ணை தேநீர் கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது.

கடைசியில் அப்பாவே அழைத்தார். பின்னால் இயந்திரச் சத்தம்.

"மெசேஜ் வந்தது பிள்ளை. வலையை இழுத்துப்போட்டுக் கரைக்கு வாறம். ஏன் உது இவ்வளவு பிந்தினது?"

"எங்கடை பக்கத்திலை பிழை அப்பா. நான் செய்த மாற்றம்தான்."

"சரி, சரி. அழாதை. அம்மாவுக்குச் சொல்லு."

அம்மாவுக்குச் சொன்னேன். பிறகும் உட்கார முடியவில்லை. இப்படிப் பெயரால் தேடும் இடங்கள் வேறு கோப்புகளிலும் இருக்கக்கூடும். நின்றபடியே அடுத்த கோப்பைத் திறந்தேன்.