மகனின் கில்ட்டும் அப்பாவின் யுத்த தாங்கியும்

பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டும். சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் வசிக்கும் உருத்திரமூர்த்தி சொன்ன பொய்யின் எடை ஐம்பத்தாறு தொன்.

ஊரில் இராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்து, 1988இலிருந்து லுசேர்னில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வெந்து, போன வருடம்தான் ஓய்வுபெற்ற மனிதர் அவர். 2012இல் சுவிஸ் இராணுவம் கடிதம் போட்டு அவருடைய மகன் பானுஜனைக் கட்டாய சேவைக்குக் கூப்பிட்டது. போன இடத்தில் அவனைச் சமையல்காரனாக்கினார்கள். உருத்திரமூர்த்திக்கு நெஞ்சு எரிந்தது. தன் கையிலுள்ள எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு மகன் கைக்குப் போகக்கூடாது என்றுதானே இத்தனை வருடம் மாரடித்தார்? கோயிலில் யாரோ, "மகன் ஆமியிலை என்ன செய்யிறார்?" என்று கேட்க, "யுத்த தாங்கி ஓட்டுறான்" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அது எத்தனை தொன் என்று அடுத்த கேள்வி வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை விடையோடு போனார். மனைவி சந்திரமதி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மகனிடம் மூச்சு விடவில்லை.

பதினொரு வருடம் தாங்கி நன்றாகத்தான் ஓடியது. சேவை முடிந்த கையோடு பானுஜன் பாக்பைப் என்ற ஸ்கொட்லாந்துத் துருத்தி வாத்தியம் ஊதும் குழுவொன்றில் சேர்ந்திருந்ததுதான் கடைசியில் வில்லங்கமாகியது. ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் கில்ட் என்ற கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடைதான் குழுவின் உடுப்பு. அந்தத் துணியின் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். ஒவ்வொரு கட்டமும் ஒரு குடும்பத்தையோ படைப்பிரிவையோ சொல்லும். பத்து வருடம் ஊதியவர், தான் செய்த இராணுவ சேவையைக் காட்டும் டார்ட்டனைத் தெரிவுசெய்தோ புதிதாய் வரைந்தோ கில்ட் தைப்பிக்கலாம். பானுஜனுக்கு இந்த வருடம் பத்து முடிந்தது. வருடாந்தக் கச்சேரி மேடையில் அதன் விளக்கத்தை வாசிப்பார்கள். கச்சேரிக்கு உருத்திரமூர்த்தி பாதிக் கோயிலை அழைத்த பிறகுதான் இந்த வாசிப்பு விஷயம் அவர் காதில் விழுந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் பாடனிலிருந்து பழைய சிநேகிதர் இரவீந்திரன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தபாலில் வந்த இரண்டு துணி மாதிரிகளைப் பானுஜன் மேசையில் வைத்தான். ஒன்று கரும்பச்சையில் கறுப்புக் கட்டம், படைப்பிரிவுகள் கட்டுவது. மற்றது வெள்ளையில் பொடிப்பொடியான கறுப்புக் கட்டம், நடுவே பச்சைக் கோடு.

"அப்பா, நீங்களே சொல்லுங்கோ. எது?"

உருத்திரமூர்த்தி வெள்ளைத் துண்டைக் கையிலெடுத்தார். "இது என்ரை வேலைக் களுசான்ரை கட்டமெல்லே!"

"ஓம். அதைப் பாத்துத்தான் வரைஞ்சனான். பச்சைக் கோடு ஆமிக்கு."

இத்தனை வருடம் ஹோட்டல் சமையலறையில் போட்ட காற்சட்டையின் கட்டத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"அதென்ன குசினிக் கட்டம்?" என்றார் இரவீந்திரன். "தாங்கி ஓட்டினவனுக்குப் பச்சைதான் எடுப்பு!"

என்ன தாங்கி என்று பானுஜன் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்தான். "ஓம் மாமா, பச்சைதான் வடிவு" என்று சொல்லி, வெள்ளைத் துண்டை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தான்.

அவன் கோபித்திருந்தால் உருத்திரமூர்த்தி எப்படியோ சமாளித்திருப்பார். தன் மானத்துக்காக மகன் பொய்யனாவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அதை வெளியிலை எடு" என்றார். "இரவி, இவன் தாங்கிக்குக் கிட்டவும் போகேல்லை. நூற்றிருபது பேருக்குச் சமைச்சவன். நான்தான் வெக்கத்திலை புளுகினனான்."

சந்திரமதி கறிச்சட்டியும் கையுமாக நின்றார்.

"எண்பத்தெட்டிலை உனக்குச் சட்டி கழுவப் பழக்கினவன் நான்" என்றார் இரவீந்திரன். "எனக்கேனடா இந்தப் புளுகு?"

இரவீந்திரன் பானுஜனிடம் திரும்பினார். "நூற்றிருபது பேருக்கோ? என்ன சமைச்சனி?"

"கூடுதலா மக்கரோனிதான் மாமா. வியாழக்கிழமையிலை அப்பாவின்ரை கோழிக்கறி. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவினம்."

உருத்திரமூர்த்தி இதை இன்றுதான் கேள்விப்படுகிறார். தாங்கியைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தவர், அங்கே என்ன சமைத்தாய் என்று மகனை ஒருநாளும் கேட்டதில்லை.

பானுஜன் கில்ட்டுக்கான படிவத்தை விரித்தான். "விளக்கத்துக்கு என்ன எழுதுறது?"

"சமையல்காரன்ரை மகன், தானும் சமையல்காரன் எண்டு எழுது" என்றார் உருத்திரமூர்த்தி. "மைக்கிலை ஆறுதலா வாசிக்கச் சொல்லு. கடைசி வரிசையிலை இருக்கிற கோயில் சனத்துக்கும் கேக்கவேணும்."