கொம்பன்மலையின் தனி உயரம்

அண்ணாதுரைக்குச் சகலை மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரகடத்தைச் சுற்றி நாலு ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். அவரிடமே கேட்டிருந்தால் "எனக்கா? அவன் மேலயா?" என்று சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கேட்டவருக்குச் சந்தேகம் தீர்ந்துபோகும்.

செங்கமலத்தம்மாளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அம்சவல்லியை அண்ணாதுரை கட்டிக்கொண்டார். இளையவள் லீலாவைப் புருஷோத்தமன் கட்டிக்கொண்டான். மறைமலை நகரில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அண்ணாதுரை இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். சகலைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவன் வந்து நாலே வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். அண்ணாதுரை அதே மேஜையில், அதே கேஜை வைத்துக்கொண்டு, துளை சரியா தப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டதா? அவன் மொபெட் வாங்கினான். அவன் மகள் வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஒரே நாற்றங்காலில் வாங்கிய தென்னங்கன்று அவன் வீட்டில் காய்த்தது, இவர் வீட்டில் ஓலைதான் விட்டது. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை மாமியார் வீட்டுக்குப் போனால் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்குத்தான். ஆனால் பரிமாறுகிறவளின் கண் சின்ன மாப்பிள்ளை இலையில் இருக்கும். இதையெல்லாம் அண்ணாதுரை வரிசை மாறாமல் சொல்வார், மனசுக்குள். இதில் எரிச்சல் என்னவென்றால், புருஷோத்தமனுக்கு இப்படி ஒரு போட்டி நடப்பதே தெரியாது. பார்த்த இடத்தில் "சகல, சாப்ட்டீங்களா?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்கே அவருக்கு அடிவயிறு பற்றிக்கொள்ளும்.

சகலையிடம் இல்லாத ஒன்று அண்ணாதுரையிடம் இருந்தது. அது ஒரு நோட்டு. ஸ்ரீபெரும்புதூருக்கும் மறைமலை நகருக்கும் நடுவிலுள்ள இருபத்துமூன்று மலைகளை அவர் அதில் வரிசைப்படுத்தியிருந்தார். மலை என்று ஊட்டிக்காரன் காதில் விழச் சொன்னால் சிரிப்பான். எங்கள் பக்கத்தில் நூறு அடி ஏறினாலே அது மலைதான்.

அந்த வரிசையும் சும்மா உயரத்தை வைத்து அல்ல. கம்பெனி எஞ்சினியர் சுப்பராயன் லீவு கிடைத்தால் மலை ஏறப் போகிறவர். ஒருநாள் கேண்டீனில் அவர்தான் விஷயத்தை விளக்கினார். பெரிய மலையின் தோளில் உட்கார்ந்திருக்கும் முடிச்சுகூட உயரமாகத்தான் இருக்கும், அது அதன் சொந்த உயரமா என்றார். உச்சியிலிருந்து புறப்பட்டு, அதைவிட உயரமான இன்னொரு மலைக்கு நடந்து போக வேண்டும். எவ்வளவு குறைவாக இறங்கினால் போதுமோ அந்த இறக்கம்தான் அந்த மலையின் உண்மையான மதிப்பு. அண்ணாதுரைக்குச் சோறு இறங்கவில்லை. யார் தோளிலும் உட்காராமல் தானாக எவ்வளவு நிற்கிறாய் என்று கேட்கும் ஒரு கணக்கு உலகத்தில் இருக்கிறதா! அதற்குத் 'தனி உயரம்' என்று அவரே பேர் வைத்தார். அன்றிலிருந்து ஆறு வருஷம், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, சின்னப்பையன் என்ற கொத்தனாரோடு மலை மலையாக ஏறினார்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்தான் கருவி. ஒரு ஆள் குழாயின் ஒரு முனையை மேலே தரையோடு வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஆள் மறுமுனையோடு கீழே அடிக்கோலைப் பிடித்து நிற்பான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டமாக நிற்பதால், கீழே தண்ணீர் கோலில் எத்தனை அடியில் நிற்கிறதோ, அத்தனை அடி ஏறியாயிற்று. இப்படி அடியிலிருந்து உச்சிவரை முப்பது நாற்பது தடவை. ஒற்றை ஆளால் ஆகாத வேலை.

அந்தப் பட்டியலில் அண்ணாதுரை ஊரின் கொம்பன்மலை மூன்றாவது. புருஷோத்தமன் ஊரின் கூனிமலை பதினொன்றாவது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. நடுவில் ஒரு மேடு, மேட்டின் மேல் வண்டிப்பாதை. மேட்டிலிருந்து கொம்பன் நூற்று முப்பத்தோரடி நாலு அங்குலம். கூனி நூற்று முப்பத்தோரடி. வித்தியாசம் நாலே அங்குலம். ஆனால் கணக்கின் அழகைப் பாருங்கள். உசந்தவன் தன்னைவிட உசந்தவனைத் தேடி மேட்டையும் தாண்டிச் சமவெளிவரை, இன்னும் அறுபது அடி இறங்க வேண்டும். தாழ்ந்தவன் மேடுவரை இறங்கினால் போதும், எதிரே உசந்தவன் நிற்கிறான். நாலு அங்குலத்தில் ஒருவன் மூன்று, மற்றவன் பதினொன்று. இரவு படுக்கும்முன் அண்ணாதுரை அந்தப் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆயுதபூஜைக்குத் தொழிலாளர் சங்கம் சிறப்பு மலர் போடுவதாக இருந்தது. பட்டியலைக் கொடுங்கள், பேரோடு அச்சில் போடலாம் என்றார் சுப்பராயன். மாமியார் வீட்டு அலமாரியில் அந்த மலர் உட்காரப்போவதை அண்ணாதுரை அப்போதே கண்ணால் கண்டுவிட்டார். அந்த மகிழ்ச்சியில் வாய் சும்மா இருக்கவில்லை. கொம்பன் உச்சியிலுள்ள கல் குவியலைப் பற்றிப் பெருமையாக எடுத்துவிட்டார். சொந்த வீடு வேண்டுமென்று நேர்ந்துகொள்கிறவர்கள் கார்த்திகைக்கு ஆளுக்கொரு கல் எடுத்துப்போய் உச்சியில் வைப்பது எங்கள் வழக்கம். வைத்த கல்லை யாரும் தொட மாட்டார்கள். ஊரில் அந்தக் குவியலைத்தான் மலையின் தலை என்போம்.

"நீங்க அளந்தது குவியல் மேலயா?" என்று கேட்டார் சுப்பராயன்.

குவியல் மேல்தான். வேறு எங்கே அளப்பது? தலை அங்கேதானே இருக்கிறது! மனிதன் கொண்டுவந்து வைத்த கல் மலையின் கணக்கில் சேராது, பாறையை மறுபடி அளந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுப்பராயன் போய்விட்டார். எண்பத்தைந்தில் அளந்தபோது குவியல் எவ்வளவு இருந்தது என்று அண்ணாதுரை குறித்து வைக்கவில்லை. இப்போதோ மனை விற்பனை சூடு பிடித்து ஊரெல்லாம் வீட்டு ஆசை. குவியல் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது.

சின்னப்பையன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார், குழாயை மட்டும் விட்டுவிட்டு. மறுமுனைக்கு யார் வருவார் என்று அண்ணாதுரை முழித்துக்கொண்டிருந்தபோது, அம்சவல்லி தங்கை வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை புருஷோத்தமன் வருவதாகச் சொல்லிவிட்டாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவர் எரிந்து விழுந்தார். மலருக்குக் கொடுக்க நாலு நாள்தான் இருந்தது. வேறு வழியில்லை.

முதலில் மேட்டிலிருந்து கொம்பன். புருஷோத்தமன் கீழே நின்று கோலைப் படித்துச் சொல்லச் சொல்ல அண்ணாதுரை எழுதினார். குவியலை ஒட்டிய பாறையில் குழாயை வைத்துக் கூட்டியபோது நூற்று இருபத்தொன்பதரை அடி வந்தது. நோட்டில் கூனி நூற்று முப்பத்தொன்று என்றிருக்கிறதே! பழைய அளவு தப்பாக இருந்தால் தேவலையே என்று வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொண்டே எதிர்மலைக்கு நடந்தார்.

கூனியில் பாதி ஏறும்போதே புருஷோத்தமனுக்கு மூச்சு வாங்கியது. இந்த மலையில் ஏறுவது இதுதான் முதல் தடவை என்று சிரித்தான். பிறந்த ஊரில் நாற்பது வருஷமாகக் கண்ணெதிரே நிற்கிற மலை! ஏறியும் பார்க்காதவனுக்குப் போய் இது கிடைத்திருக்கிறதே என்று அண்ணாதுரை பல்லைக் கடித்துக்கொண்டார். உச்சிப் பாறையில் குழாயை வைத்தார். கடைசி அளவு ஒரு அடி என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கூட்டினார். நூற்று இருபத்தொன்பது அடி. கொம்பன் அரை அடி உசத்தி.

பழைய அளவுதான் தப்பு, குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று சட்டென நம்பினார். நம்ப எவ்வளவு சுகமாக இருந்தது! பென்சிலையும் எடுத்துவிட்டார். ஆனால் இருபது வருஷ இன்ஸ்பெக்ஷன் உடம்பில் ஊறிப்போனது. ஆறு வருஷத்தில் பாறை இரண்டு அடி கரைந்துவிடுமா? குழாய் முனையைப் பாறையிடுக்கில் செருகிவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் கோலைப் பார்த்தார். தண்ணீர் மூன்றடியில் நின்றது.

"சகல, மூணடி கீது. நீ ஒண்ணுன்ன."

புருஷோத்தமன் கோலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ஒண்ணுன்னே எழுதிக்குங்க. யார் வந்து பாக்கப் போறாங்க?"

"நீ குடுத்து எனக்கு ஒசரம் வேணாம்."

"நான் எங்க குடுத்தேன்? அக்காதான் வூட்டுக்கு வந்து கேட்டுச்சி. அளவு எப்டி வந்தாலும் அவுருதுதான் ஒசரம்னு சொல்லிடுப்பான்னு."

அண்ணாதுரைக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கட்டிய பெண்டாட்டி, யாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்! நோட்டைத் திறந்து, கூனிமலை மூன்று, கொம்பன்மலை பதினொன்று என்று எழுதினார். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். சகலை போட்ட பிச்சையில் மூன்றாவதாக நிற்பதைவிடப் பதினொன்றாவதாக விழுவது அவருக்கு மேல் என்று பட்டது, அவ்வளவுதான். ஒரு முழத்துக்காக அவ்வளவு கீழேயா போகும் என்று புருஷோத்தமன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அந்த வருத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மொபெட்டில் கொண்டுவிடுகிறேன் என்றவனை உதறிவிட்டு, குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார்.

அம்சவல்லி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் இருந்ததால் வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். என் மானத்தை எதற்குப் போய் அவனிடம் அடகு வைத்தாய், நான் அவ்வளவு இளைத்துப் போனேனா, உனக்கு என்மேல் பரிதாபமா என்று வரிசையாகக் கேட்டார். அவர் முடிக்கட்டும் என்று அவள் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எது ஒசரம்?" என்றாள்.

"கூனிதான். நம்புளுது பதினொண்ணு."

அவள் முகம் விழுந்துவிட்டது. அவருக்காக அல்ல என்பது அவருக்கே தெரிந்தது.

"போச்சா," என்றாள். "பரிதாபம்லாம் ஒண்ணுமில்ல. அது மூணாவதா புஸ்தகத்துல வந்துட்டா உங்களுக்கு வெறி அடங்கிடும், இனிமே வூட்ல இருப்பீங்கன்னு பாத்தேன். ஆறு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழம என்னோட உக்காந்து சாப்ட்டிருக்கீங்களா? லீலா வூட்டுக்குப் போனா அவுரு அவளுக்கு வெங்காயம் உரிச்சிக்கினு உக்காந்துகினு கீறாரு. எனக்கு அவ மேல பொறாமையா கீதுங்க. கூடப் பொறந்தவ மேல பொறாமப்படுறேன்."

சகலை தன்னை முந்திய இடங்களெல்லாம் அண்ணாதுரைக்கு மனப்பாடம். இது ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.