'சாஃப்' பண்ணிக் கொடுத்த கம்ப்யூட்டர்

"…தூசியை சாஃப் பண்ணிக் குடுன்னுதான தம்பி சொன்னேன்? உள்ள இருந்தது எங்க?"

போன வருடம் மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாராவியில் ஒரு மாடி வீட்டில் அந்த அக்கா இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டுவார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

எனக்குப் பழைய கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். செம்பூரில் ஒரு ஆபீஸ் வேலை. ஞாயிறு வந்தால் ஸ்க்ரூடிரைவர். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பிரித்துப் போட்டு, ஷாக் வாங்கி, நானாகக் கற்றுக்கொண்டது. இருபது வருடத்துக்கு முந்தைய மெஷினில் அந்தக் காலத்து விண்டோஸையே போட்டு, சின்ன வயதில் விளையாடிய விளையாட்டுகளை ஓட வைப்பேன். "ஃபோன்லயே ஆயிரம் கேம் இருக்கே" என்பாள் மனைவி. ஃபோனில் அந்த டிஸ்க் கரகரவென்று சுற்றும் சத்தம் வருமா?

ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலமாகத்தான் இந்த அக்கா பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் வேலை. பரணில் பல வருடம் கிடந்த கம்ப்யூட்டரை இறக்கி என்னிடம் கொடுத்தார். "ஆன் ஆவ மாட்டேங்கு. நல்லா சாஃப் பண்ணி ஓட வச்சுக் குடு. அந்தச் செங்கல் உடைக்கிற கேம் மட்டும் இருக்கணும். மத்தது போனாலும் பரவால்ல" என்றார்.

'சாஃப்' என்றால் இந்தியில் சுத்தம்; இந்த ஊரில் வீட்டைப் பெருக்கினாலும் சாஃப், பாத்திரம் தேய்த்தாலும் சாஃப். ஆனால் பழைய மெஷின்களைக் கை மாற்றும் எங்கள் கூட்டத்தில் 'சாஃப்' என்றால் ஒரே அர்த்தம்தான்: டிஸ்க்கில் இருப்பதை அடியோடு அழிப்பது. முன்பு வைத்திருந்தவரின் போட்டோவோ கடிதமோ அடுத்தவர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, அழித்த இடம் முழுக்கப் பூஜ்யமாக எழுதிவிடுவோம். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் மீட்க முடியாது.

அதைத்தான் செய்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். டிஸ்க்கை அழித்தேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, என்னிடமிருந்த அதே செங்கல் விளையாட்டை ஏற்றினேன். கூடவே முப்பது விளையாட்டு இனாம்.

முதுகு புடைத்த அந்தப் பழைய மானிட்டர் ஒளிர்ந்ததும் அக்கா கையைத் தட்டினார். விளையாட்டைத் திறந்து நேராக ஸ்கோர் பட்டியலுக்குப் போனார். பத்து வரியும் காலி. அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"ஸ்கோர்தானே அக்கா? விளையாடினா மறுபடி வந்துட்டுப் போகுது" என்றேன், சிரித்துக்கொண்டே.

"எந்தம்பி எப்படிப்பா வந்து விளையாடுவான்?"

அவரே சொன்னார். செகண்ட்ஹேண்டில் அந்த மெஷினை வாங்கி வந்தது அவருடைய தம்பி. தினமும் சாயங்காலம் அக்காவும் தம்பியும் போட்டி போட்டு விளையாடுவார்களாம். பட்டியலில் முதல் வரி தம்பி, இரண்டாவது வரி அக்கா. இடையில் நூற்று நாற்பது பாயின்ட்தான். தம்பி கல்யாணமாகி உல்லாஸ்நகருக்குக் குடிபோன அன்றும், "முடிஞ்சா தாண்டிக் காட்டுக்கா" என்று சீண்டிவிட்டுத்தான் போனாராம். கொஞ்ச நாளில் மெஷின் படுத்துவிட்டது, பரணுக்குப் போய்விட்டது. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் தம்பிக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவன் பேரைப் பாத்து அழுறதுக்கா இதை இறக்குனேன்? அவனை ஜெயிக்கணும்லா!" என்றார் அக்கா.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்" என்று வயரைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"திரும்ப வருமா, வராதா? நெசத்தைச் சொல்லு."

"வராதுக்கா. நானேதான் அழிச்சேன்."

"முப்பது கேம் போடத் தெரிஞ்சுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியலியே, ஏ!"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் காலியான பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, தள்ளு" என்றார்.

இப்போதெல்லாம் யார் வந்து 'சாஃப்' என்றாலும், 'எதை?' என்று கேட்காமல் நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை. அப்படிக் கேட்கும்போதெல்லாம் கண்முன் வந்து நிற்பது, அந்த அக்கா அடுத்துச் செய்த காரியம்தான்: ஜன்னல் விளிம்பில் கிடந்த, தோலில் கோடு போடும் வெள்ளி மைப் பேனாவை எடுத்தார், ஒரு கணம்கூட யோசிக்காமல் மானிட்டரின் மேல் சட்டத்தில் தம்பியின் பெயரையும், பக்கத்தில் அந்த முதல் வரி ஸ்கோரை 27460 என்றும் பெரிதாக எழுதினார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் செங்கல்லை உடைத்தார்.